வெறும் வயிற்றில் ஊசி

1

போன செவ்வாய்க்கிழமை இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வயது நாற்பதை நெருங்கினால் போதும், இந்த நாட்டில் வருடத்துக்கு ஒரு தடவையாவது நம்மைக் குத்திப் பார்த்துவிடுகிறார்கள். ஓர் இளம் நர்ஸ் என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே, வெறும் வயிற்றோடுதானே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. இந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் என் எலிகளைப் பற்றி யாராவது கேட்டிருக்கலாம் என்று ஜெர்மன் மொழியில் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பி ஏதோ தட்டினாள். என்ன எழுதினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அடுத்த தடவை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள், அதற்கும் வெறும் வயிற்றோடு போ என்றார். அவர் இங்கே டிராம் ஓட்டுகிறார். நாள் முழுக்கத் தண்டவாளத்தில் போகிறவருக்கு வாழ்க்கை நேராகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இங்கே வந்து சரியாகப் பத்து வருடம் ஆகிறது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும், மருந்து கண்டுபிடித்த பெண் வெளிநாட்டில் இருக்கிறாள் என்றே இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தம்பி எழுதுகிறான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நடந்தது இன்னது என்று ஒரே தடவையில் எழுதிவிட்டால், இனி பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

2

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்ல நன்றாக இருக்காது. ஆனால் சொல்லாமல் மற்றது புரியாது.

விபத்தில் ஒருவருக்கு இரத்தம் நிறையப் போய்விட்டால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதற்கு மேல் ஒரு கட்டத்தில், போன இரத்தத்தைத் திரும்ப ஏற்றினாலும் ஆள் பிழைப்பதில்லை. அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு மருந்து இருந்தால், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரையிலாவது உயிரைப் பிடித்து வைக்கலாம். அப்படிப்பட்ட மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் எலிகளிடம் சோதிப்பார்கள். எலியை மயக்கி, இரத்தக் குழாயில் மெல்லிய குழல் செருகி, அளந்து இரத்தம் எடுத்து, அழுத்தத்தைக் கீழே கொண்டுவந்து நிறுத்துவோம். பிறகு பாதி எலிகளுக்கு மருந்து, பாதி எலிகளுக்கு வெறும் உப்புநீர். எத்தனை பிழைக்கின்றன, எவ்வளவு நேரம் என்று குறிப்போம். இதைத்தான் நான் இரண்டு தேசங்களில் ஏழெட்டு வருடம் செய்தேன்.

ஜெர்மனியின் வடக்கில் உள்ள இந்த நகரத்தில், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்கு என்னை வரவழைத்தார்கள். வந்த முதல் மாதமே என் பெயர் போய்விட்டது. நமக்குப் பெயரும் ஒரு இனிஷியலும்தானே. இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டால் கணினி ஒப்புக்கொள்ளாது. அப்பாவின் பெயரை அதில் போட்டேன். அன்று முதல் தபால்பெட்டியிலும் சம்பளச் சீட்டிலும் பல் வைத்தியரின் வாசலிலும் நான் திருமதி மாசிலாமணி. மதுராந்தகத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய என் அப்பாவை, வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன்.

மொழியும் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் மேசையில் ஓர் எலி இறந்துவிட்டது. செத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. நம் வழக்கப்படி 'போய்விட்டது' என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். எலி தப்பி ஓடிவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாடிக்கும் கதவைப் பூட்டி, ஆறு பேர் டார்ச் விளக்கோடு அலமாரிகளுக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். செத்த எலி என் முன்னால் தட்டில் இருந்தது. நான் காட்டிக் காட்டிப் பார்த்தேன். இது இல்லை, ஓடிப்போனது எங்கே என்று கேட்டார்கள்.

இங்கே எலிக்கு இருக்கும் காகிதம் நமக்கு இல்லை. ஒரு கூண்டை ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்கு மாற்ற மூன்று கையெழுத்து. தீனியை மாற்ற வேண்டுமானால் விண்ணப்பம், குழுக்கூட்டம், ஆறு வாரம். என் மகள் நான்சிக்கு இங்கே பள்ளியில் இடம் வாங்கியது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அந்த நான்சிதான், ஐந்தாம் வகுப்பில் பெற்றோரின் தொழில் பற்றிப் பேசச் சொன்னபோது, அம்மா ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். எலிகளைக் கொல்கிறாள் என்று சொல்லவா என்று ஜெர்மன் மொழியில் திருப்பிக் கேட்டாள். இறைச்சி சாப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள். தமிழில் திட்டினால் புரியாதது மாதிரி இருப்பாள். ஜெர்மன் மொழியில் திட்டினால் என் இலக்கணத்தைத் திருத்துவாள்.

3

என் ஆய்வு தொடங்கியது எங்கள் ஊரான கருங்குழியில். ஆய்வுக்கூடத்தில் அல்ல, ஜி.எஸ்.டி. சாலையில். நான் ஒன்பதாவது படிக்கும்போது என் சித்தப்பாவை ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்பா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துண்டை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்ததும் டாக்டர், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அப்பா ரொம்ப நாள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பார்மசி படித்து, மேற்படிப்பும் படித்து, தொண்ணூறுகளின் நடுவில் கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில். பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. அந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு ரிசார்ட் இருக்கிறதாம், கடலுக்கு நூறு அடி தள்ளி. அங்கே வேலை செய்துகொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே அறை; கணவரும் குழந்தை நான்சியும் கருங்குழியில் அப்பாவோடு. ஆய்வுக்கூடம் ஐந்து நிமிட நடை.

அங்கே விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியநாதன் அண்ணன். மதுராந்தகம் பக்கத்துக்காரர். எங்கள் குடும்பம் மாதிரியே நிலமில்லாத குடும்பம். அறுவடைக்கும் நாற்று நடவுக்கும் போய்க்கொண்டிருந்து, பிறகு அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, அதற்குப் பிறகு எங்களிடம் மாதச் சம்பளம். சாதி மதம் எல்லாம் ஒன்றாகப் போய்விட்டதால் முதல் வாரமே நான் அவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டேன். அதிகாரிகள் இருந்தால் மட்டும் மேடம்.

எலிகளை அவர் பார்த்துக்கொண்டது போல் இங்கே பொத்தான் வைத்த இயந்திரங்கள்கூடப் பார்ப்பதில்லை. மே மாதம் கரண்டு போனால் ஈரச் சாக்கை ஜன்னலில் கட்டுவார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் திருப்பி வைப்பார். இவ்வளவும் நாங்கள் அவற்றை மேசைக்குக் கொண்டுபோவதற்காக. அது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

சோதனைக்கு முந்தின இரவு எலிகளுக்குத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். எல்லா எலியும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காக. எதற்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்பதை முந்தின மாலையே முடிவு செய்துவிடுவேன். பட்டியலை மேசை டிராயருக்குள் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார் என் வழிகாட்டி. காலையில் அவசரத்தில் தேட முடியாது என்று நான் கூண்டிலேயே சீட்டுத் தொங்கவிட்டுவிடுவேன். மருந்துக்குச் சிவப்பு, உப்புநீருக்கு வெள்ளை. இது என்ன கலர் என்று அண்ணன் கேட்டார். சொன்னேன்.

ஒன்றரை வருடம் செய்தோம். வெள்ளைச் சீட்டு எலிகள் பெரும்பாலும் மதியத்துக்குள் போய்விட்டன. சிவப்புச் சீட்டு எலிகளில் பாதிக்கு மேல் மறுநாளும் கண் திறந்து பார்த்தன. முதல் தொகுதியை நம்பாமல் இரண்டாவது, அதையும் நம்பாமல் மூன்றாவது. எல்லாம் ஒன்றையே சொல்லின. கட்டுரை வெளிவந்த அன்று கருங்குழிக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது. என் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். டீக்கடையில் போய், இனிமே ரோட்டுல அடிபட்டவனுக்கு என் பொண்ணு கண்டுபுடிச்ச மருந்து கீது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி மருந்தை வாங்கியது. மருந்தோடு சேர்த்து என்னையும் இந்தப் பேராசிரியரிடம் அனுப்பி வைத்தார்கள்.

4

இங்கே மருந்து வேலை செய்யவில்லை.

முதல் தொகுதியில் மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுபோல இறந்தன. என் கை புதிது என்றார்கள். இரண்டாவதும் அப்படியே. குழல் சரியில்லை என்றேன். மூன்றாவது தொகுதிக்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. காபி அறையில் நான் நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறியது. உங்கள் இந்தியத் தரவு என்று ஒரு சக ஆய்வாளர் எப்போதும் மூன்று வார்த்தையையும் சேர்த்தே சொல்ல ஆரம்பித்தார். வாயால் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ரொம்ப மரியாதையானவர்கள். அந்த மரியாதையைத் தாங்குவதற்கு நம் ஊர் வசவு எவ்வளவோ மேல்.

அதே நேரத்தில் கம்பெனி, அடுத்த கட்டமாக ஆம்புலன்ஸில் வரும் விபத்து நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்க விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தது. அதில் முதல் ஆதாரம் என் கட்டுரை. இங்கே கிடைத்த தோல்வியை என்ன செய்வது? பேராசிரியர் வழி கண்டுபிடித்தார். கெட்ட மனிதர் இல்லை. நான் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்க விரும்பாதவர். அங்கே பயன்படுத்திய எலி இனம் வேறு, அதனால் விளைவும் வேறு என்று ஒரு பக்க அறிக்கை எழுதி, என் கையெழுத்துக்காக வைத்தார். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. நடக்கிற விஷயம்தான். நானே பாதி நம்பினேன்.

இங்கே தங்க எனக்கிருந்த அனுமதிச் சீட்டு அந்த டிசம்பரோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால், இவர் இல்லாமல் ஆய்வு நடக்காது என்று பேராசிரியர் கடிதம் தர வேண்டும். கணவருக்கு அப்போது இங்கே வேலை செய்யவே அனுமதி கிடையாது. நான்சிக்குத் தமிழில் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்று, அப்பா பெயரைக் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தால், கடிதம் எங்கே என்று கேட்டார்கள். வரும் என்றேன். வரும் என்று ஒரு கட்டம் எங்களிடம் இல்லை என்றார் அந்த அம்மாள்.

அறிக்கையில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். அதில் ஒரு இடம் காலியாக இருந்தது. இந்தியாவில் எலிகளை வாங்கிய இடத்தின் பெயர். எனக்கு மறந்துபோயிருந்தது. அதைக் கேட்கத்தான் பாக்கியநாதன் அண்ணனுக்கு போன் செய்தேன். இங்கே வந்த பிறகு அவரோடு பேசியதே இல்லை. அவர் மகளின் கைபேசி எண்ணைத் தம்பி தேடிக் கொடுத்தான்.

5

என் குரலைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். வூட்ல எல்லாம் சௌக்கியமா, அங்க சோறு கெடைக்குதா, அப்பா நல்லா கீறாரா என்று வரிசையாகக் கேட்டார். எலி வாங்கிய இடத்தின் பெயரையும் டக்கென்று சொன்னார். எழுதிக்கொண்டேன். வேலை முடிந்தது. போனை வைத்திருக்கலாம். தொலைபேசி அட்டையில் இன்னும் நிமிடங்கள் மிச்சம் இருந்தன. இங்கே மருந்து சரியாக வேலை செய்யவில்லை அண்ணே, எலி வேற ஜாதி என்று சும்மா சொன்னேன்.

"வேற ஜாதியா கீதா? அதுங்களுக்குக் காலைல இன்னா குடுக்கறாங்க?" என்றார்.

ஒன்றும் கொடுப்பதில்லை, நம்ம மாதிரியே பட்டினிதான் என்றேன்.

"ஐய, வெறும் வயித்துல ஊசியா? அதான் தாங்கல. நான் ஊசி போடற எலிக்கு ஒருநாளும் அப்டி வுட்டதில்லம்மா."

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். காலை ஆறு மணிக்கு அவருக்கு வீட்டிலிருந்து தூக்கில் கஞ்சி வரும், உப்புப் போட்ட கஞ்சி. அதில் கொஞ்சம் எடுத்து, இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, ஒவ்வொரு சிவப்புச் சீட்டு எலியின் வாயிலும் ஊற்றுவார். குடிக்கிற வரைக்கும். வயிற்றைத் தடவிப் பார்த்தால் தெரியுமாம். ஒன்பது மணிக்கு நான் வருவதற்குள் மூக்கைத் துடைத்துவிட்டு வைத்துவிடுவாராம். ஒன்றரை வருடம். ஒருநாள் தவறாமல்.

வெள்ளைச் சீட்டு எலிகளுக்கு என்று கேட்டேன்.

"அதுங்களுக்கு வெறும் உப்புத்தண்ணிதானம்மா. அதுக்கு எதுக்குக் கஞ்சி? நீங்கதான் பட்டினி போடச் சொன்னீங்களே. சொன்னத மீறலாமா?"

நம் வீடுகளில் யாருக்குத்தான் இது தெரியாது? டாக்டரிடம் ஊசி போடக் கிளம்பினால் இரண்டு இட்லியாவது வாயில் போட்டுக்கொண்டு போ என்பார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்பார்கள். என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். நானே நான்சியிடம் போன வாரம் சொன்னேன். மருந்து ஊசி கனமானது, வயிற்றில் தாங்க ஏதாவது இருக்க வேண்டும். தண்ணீர் ஊசிக்கு அது தேவையில்லை. இதைவிட ஒழுங்காக ஒருவர் யோசிக்க முடியாது.

சாப்பிட்ட எலி பட்டினி எலியைவிட அதிக நேரம் இரத்த இழப்பைத் தாங்கும். உடம்பில் சர்க்கரை இருப்பு இருக்கும். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரேமாதிரி பட்டினி போடச் சொல்கிறோம். என் சிவப்புச் சீட்டு எலிகளைப் பிழைக்க வைத்தது மருந்து இல்லை. கஞ்சி.

நான் கத்தினேன். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன். நீங்க கேக்கலயேம்மா என்றார், பயந்துபோன குரலில். போனை வைத்துவிட்டேன். அட்டையில் இன்னும் நிமிடம் இருந்தது. அந்த அட்டையை அதற்கு மேல் நான் பயன்படுத்தவில்லை.

கேட்கவில்லை. உண்மை. சீட்டைத் தொங்கவிட்டவள் நான். கலருக்கு அர்த்தம் சொன்னவள் நான். ஐந்து நிமிட நடையில் இருந்துகொண்டு, காலை ஆறு மணிக்கு அங்கே ஒருநாள்கூடப் போகாதவளும் நான்தான். அந்த நேரத்தில் கீழே மெஸ்ஸில் எனக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது.

6

மூன்று நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாத அறிக்கை சமையலறை மேசையில் கிடந்தது. கணவர் அதைப் படித்துவிட்டு, எலி இனம் வேறு என்பதும் உண்மைதானே என்றார். உண்மைதான். அதுதான் என்னை மிகவும் படுத்தியது. பொய் என்றால் கிழித்துப் போட்டிருப்பேன். அந்த ஒரு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மருந்து ஆம்புலன்ஸ் ஏறும். ரோட்டில் கிடக்கிற யாரோ ஒருவனுக்கு, துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிற யாரோ ஒருவரின் கண் முன்னால், ஒன்றுக்கும் உதவாத ஒன்றை ஏற்றுவார்கள். அவன் வயிற்றில் கஞ்சி இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

நாலாம் நாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கஞ்சி என்றால் என்ன என்று விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. அந்தப் பணியாளர் வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டார். கருணையால் செய்தார் என்றேன். ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும் கருணையா என்று கேட்டார். மருந்து ஊசி கனமானது என்று ஜெர்மன் மொழியில் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டேன். தமிழிலும் யோசித்துப் பார்த்தேன். கடைசியில், இதை நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்றார். நன்றி சொல்கிறாரா குறை சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மருந்தே இல்லாமல், பாதி எலிகளுக்கு உணவு, பாதிக்குப் பட்டினி என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். தீனியை மாற்ற விண்ணப்பம், குழுக்கூட்டம், ஆறு வாரம். ஒரு உறுப்பினர் அரிசிக் கஞ்சியின் தயாரிப்பாளர் யார் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். தயாரிப்பாளரின் பெயரைப் பாக்கியநாதன் மனைவி என்று எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. வீட்டிலேயே சோறு வடித்து, உப்புப் போட்டு, அளந்து எடுத்துப்போனேன். நான்சி பார்த்துக்கொண்டிருந்தாள். எலிக்கா என்றாள். ஆமாம் என்றேன். எல்லா எலிக்குமா என்றாள். பாதிக்கு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கஞ்சி குடித்தவை தாங்கின. மற்றவை போயின.

கட்டுரையைத் திரும்பப் பெறப் பத்திரிகைக்கு எழுதினேன். படிவம் அனுப்பினார்கள். தவறின் காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்: கருவிக் கோளாறு, கணக்குப் பிழை, தரவு மோசடி, மற்றவை. பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதிவிடலாம், அதுதான் வழக்கம் என்று அந்த சக ஆய்வாளர் வந்து யோசனை சொன்னார். இந்தத் தடவை மரியாதை என் பக்கம் குறைந்துவிட்டது. மற்றவை என்ற கட்டத்தில், சோதனை விலங்குகளுக்குக் காலையில் உணவு கொடுக்கப்பட்டதை ஆய்வாளர் கவனிக்கவில்லை என்று எழுதி, கீழே அப்பாவின் பெயரோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனி மருந்தைக் கைவிட்டது. பேராசிரியர் ஒரு வருடத்துக்கு மட்டும் கடிதம் தந்தார். அந்த வருடத்துக்குள் சட்டம் கொஞ்சம் இளகி, கணவருக்கு டிராம் வேலை கிடைத்தது. இல்லையென்றால் இதைக் கருங்குழியில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருப்பேன். இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியின் நிலத்தடி அறையில், நோயாளிகளின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று சின்னப் பெட்டிகளில் பிரித்து வைக்கிறேன். ஆராய்ச்சிப் பட்டத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

அப்பாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அந்த மருந்து ஆகாதுப்பா என்றேன். சரி, அப்ப வேற ஒண்ணு கண்டுபுடி என்றார். கத்தரிக்காய் சொத்தை, மாற்றி வாங்கி வா என்று அனுப்புகிற மாதிரி.

7

எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, மகளின் எண்ணிலிருந்து பாக்கியநாதன் அண்ணன் ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். ஒரு தடவை அடித்து நின்றது. அவரிடம் கத்திவிட்டு போனை வைத்ததற்குப் பிறகு நான் பேசவே இல்லை. வெட்கம்தான். மறுபடி ஒரு தடவை அடித்து நின்றது. கூப்பிட்டேன்.

அன்னிக்கு நான் எதுனா தப்பா சொல்ட்டனாம்மா, அதே மன்சுல ஓடிக்கினு கீது என்றார். நீங்கள் தப்பாகச் சொல்லவில்லை, ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன், தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். என்ன சந்தேகம் என்றார். விடவில்லை. கடைசியில், கஞ்சி குடித்த எலிகள்தான் அப்போது பிழைத்தன என்று மட்டும் சொன்னேன்.

 

"அப்ப அந்த வெள்ளச் சீட்டுங்கள்லாம் நான் ஊத்தாததாலதான் போச்சா?" என்றார். "தெரியாமப் போச்சேம்மா. எல்லாத்துக்கும் ஊத்தியிருப்பேனே."

எல்லாவற்றுக்கும் ஊற்றியிருந்தால் என் ஆய்வில் பிழையே இருந்திருக்காது. மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுபோலப் பிழைத்திருக்கும். இந்த மருந்து உதவாது என்று அப்போதே, அங்கேயே தெரிந்திருக்கும். நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன். இங்கே எலிகளுக்கு அனுமதி தரும் குழுவில் ஒன்பது பேர் உட்கார்ந்து சொல்லாததை அவர் ஒருவர் சொல்லிவிட்டார். ஆமாண்ணே, ஊற்றியிருக்கலாம் என்றேன்.

அவர் விடாமல் கேட்டார்.

"என்னால உனுக்கு அங்க எதுனா ஆயிடுச்சாம்மா? மெய்யச் சொல்லு."

"ஒண்ணும் ஆவலண்ணே," என்றேன். "அதே வேலதான். நல்லா கீறேன்."

மதுராந்தகம் பக்கம் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஆளை உங்களுக்குத் தெரிந்துவிடும். அவருக்குப் படிக்க வராது. தயவுசெய்து யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.